சீபாப் மாஸ்க்கின் பட்டி கன்னத்தை வெட்டுகிறதா? கொழும்புச் சூட்டுக்கு ஏற்ற துணி உறை இப்படித் தைக்கலாம்

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்குக் குழாய் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்தான் சீபாப் (CPAP). அதன் மாஸ்க்கோடு படுக்கிறவர்களுக்குத் தெரியும், காலையில் எழும்பிக் கண்ணாடி பார்த்தால் இரண்டு கன்னத்திலும் கோடு விழுந்திருக்கும், காதுக்கு மேலே தோல் சிவந்திருக்கும், பிடரியில் வேர்வை ஊறி அரிக்கும். நடுச்சாமத்தில் மாஸ்க்கைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று தோன்றுவது அநேகமாக இந்த நோவால்தான். கழற்றினால் தொண்டை மூடி மூச்சு அடைபடுகிறது, இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, இதயம் இரவு முழுக்கப் பாடுபடுகிறது, அடுத்த நாள் ஒபிசில் பத்து மணிக்கே கண் சொக்குகிறது. ஆகவே பட்டிக்கு ஒரு மெத்தென்ற உறை தைத்துப் போடுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். விடியும்வரை மாஸ்க் முகத்தில் நிற்குமா இல்லையா என்பது பலருக்கு அதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது அன்போடு ஒரு உறை வாங்கி அனுப்பியிருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளீஸ் துணியில் தைத்த தடித்த உறையாக இருக்கும். டொரன்டோக் குளிருக்கு அது நல்ல சாமான். வெள்ளவத்தையில் ஏப்ரல் மாத இரவில், ஃபேன் மட்டும் சுழலும் அறையில், அதே உறை கன்னத்தில் சூட்டைப் பிடித்து வைக்கும். ஃப்ளீஸ் என்பது பொலியெஸ்டர், அதன் நூல் தண்ணீரை உறிஞ்சாது. வேர்வை தோலிலேயே தேங்கி, தோல் ஊறி, உரசலுக்கு இன்னும் சீக்கிரம் உரியும், வேர்க்குருவும் போடும். அதனால் கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெல்லிய பருத்தித் துணி, கழற்றிக் கழுவக்கூடிய உறை, நாளுக்கு ஒன்று மாற்றும் அளவுக்குக் கைவசம் சில சோடி. ஏசி அறையில் படுப்பவர்கள் விரும்பினால் ஃப்ளீஸ் போடலாம், அவர்களுக்கு அது சரிவரும்.

சரி, கத்தரிக்கோலை எடுக்க முன்னர் பட்டியைத் தளர்த்திப் பாருங்கள். பல மாஸ்க்குகளின் சிலிக்கோன் விளிம்பு இரண்டு மடிப்பாக இருக்கும், உள்மடிப்பு மிக மெல்லியது, காற்றழுத்தம் வந்ததும் அது ஊதி முகத்தோடு தானாகப் பொருந்தும். பட்டியை இறுக்க இறுக்க அந்த மடிப்பு நசுங்கிச் சுருக்கம் விழும், சுருக்கத்தின் வழியே காற்று கசியும், கசிகிறதே என்று நாங்கள் இன்னும் இறுக்குவோம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

"தம்பி, இறுக்கினால் நோகுது, விட்டால் காத்துப் போகுது, நான் என்னதான் செய்யிறது?"

அவர் கதிரையில் இருந்தபடி கட்டிப் பழகியிருக்கிறார். "மாமி, கட்டிலில் படுத்து, மெஷினைப் போட்டுவிட்டுக் கட்டுங்கோ" என்றேன். படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் சரியும், முகத்தின் வடிவமே மாறிவிடும், இருந்துகொண்டு பார்த்த அளவு படுக்கையில் பொருந்தாது. எல்லாப் பட்டியையும் நன்றாகத் தளர்த்தி, வழமையாகப் படுக்கும் பக்கம் திரும்பிப் படுத்து, மெஷினை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு (சில மெஷின்களில் மாஸ்க் ஃபிட் என்று இதற்கென்றே ஒரு வசதி இருக்கும்), இடம் வலம் இரண்டையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கசிவு நின்ற இடத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். பட்டிக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் சிரமமில்லாமல் போகவேண்டும். மாமிக்கு இதிலேயே பாதி நோவு போய்விட்டது, மிச்சப் பாதிக்குத்தான் துணி.

சிட்னியில் டொக்டர் கொலின் சலிவன் குழுவினர் இந்தச் சிகிச்சையை 1981இல் உலகத்துக்குச் சொன்ன ஆரம்ப காலத்தில் மாஸ்க்கை முகத்தில் சிலிக்கோன் பசையால் ஒட்டித்தான் நோயாளிகளைப் படுக்கவைத்தார்கள், ஒவ்வொரு இரவும் ஒட்டி ஒவ்வொரு காலையும் உரிப்பது. அதைத் தாங்கிக்கொண்டு அந்த ஆட்கள் தொடர்ந்து பாவித்தார்கள் என்றால் அந்தத் தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்க வேண்டும்! பட்டி வந்தபின் வேலை சுலபமாகிவிட்டது, உரசல் மட்டும் மிஞ்சியது.

துணிக்கு வருவோம். கடைக்குப் போக முதல் வீட்டு அலுமாரியைப் பாருங்கள். பலமுறை கழுவி நைந்துபோன பருத்தி டீ-சேர்ட்டைவிட மெதுவான துணி காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். அது பின்னல் துணி, வெட்டிய ஓரம் சுருளுமே தவிர நூல் பிரியாது, ஆகவே ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லை, மடிப்பு இல்லையென்றால் கன்னத்தில் இன்னொரு கோடு விழாது. புதுத்துணிதான் வேண்டும் என்றால் குழந்தைகளின் உடுப்புத் தைக்கும் பருத்தி இன்டர்லொக் (இரட்டைப் பின்னல் துணி) கேளுங்கள். புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் ஏறி இறங்கினால் கட்பீஸாகவே எடுக்கலாம், அரை யார் இருந்தால் தாராளம். வெல்க்ரோவும் இலாஸ்டிக்கும் அங்கேயே தையல் சாமான் கடைகளில் யார் கணக்கில் வெட்டித் தருவார்கள். புதுத்துணியை வெட்ட முன்னர் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும், அதில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் சாயமும் தோலுக்குக் கூடாது.

துவாய்த் துணி வேண்டாம், அதன் நூல் வளையங்கள் காலையில் புள்ளி புள்ளியாகக் கன்னத்தில் பதிந்திருக்கும். ஸ்பொஞ்சும் வேண்டாம். தொட மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் வேர்வையைக் குடித்துவிட்டு நமது ஈரப்பதத்தில் காயாமல் கிடந்து மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

அளவு எடுப்பது சுலபம். உங்கள் பட்டியின் அகலத்தை இரண்டால் பெருக்கி 3 சென்ரிமீற்றர் கூட்டுங்கள், அதுதான் துணியின் அகலம். பட்டி 2 சென்ரிமீற்றர் என்றால் துணி 7. நீளத்தைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தீர்மானியுங்கள்: காலையில் எழும்பி மாஸ்க்கைக் கழற்றியவுடன் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, இரண்டு முனையிலும் ஒரு விரலளவு கூடுதலாக வையுங்கள். பெரும்பாலானோருக்குக் கன்னத்தில் 10 முதல் 12 சென்ரிமீற்றர் போதும். முழுப் பட்டியையும் சுற்றி மூடவேண்டாம், சூடு கூடுவதைத் தவிர அதனால் ஒன்றும் இல்லை.

வெட்டும்போது துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாக இழுபடும். அந்த இழுபடும் திசைதான் உறையின் நீளமாக வரவேண்டும். பட்டி இழுபடும்போது உறையும் கூட இழுபட்டால்தான் சுருண்டு ஒரு பக்கம் குவியாது. தையல் மெஷின் இருந்தால் வளைவுத் தையல் (ஸிக்ஸாக்) போடுங்கள், நேர்த்தையல் நூல் இழுவிசையில் அறுந்துபோகும். கையால் என்றால் இறுக்காமல் சின்னச் சின்னப் பின்தையல். முடிச்சு எதுவும் முகப் பக்கம் வரக்கூடாது.

ஒரு மடிப்புத் துணி போதவில்லை என்று தோன்றினால் முகம் படும் பக்கத்துக்கு மட்டும் பட்டியின் அகலத்திலேயே இன்னொரு துண்டு வைத்துத் தையுங்கள். இந்த உள்துண்டு வெளியுறையைவிட இரண்டு முனையிலும் ஒரு சென்ரிமீற்றர் குறைவாக இருக்கட்டும். ஏனென்றால் தடிப்பு சடக்கென்று முடியும் இடத்தில் ஒரு விளிம்பு உண்டாகும், அந்த விளிம்பு ஐந்தாறு மணித்தியாலம் கன்னத்தில் அழுத்தினால் பழைய கோடு போய்ப் புதுக்கோடு வரும். ஓரத்தை நோக்கித் தடிப்பு குறைந்துகொண்டே போகவேண்டும். மொத்தத் தடிப்பு 3 மில்லிமீற்றரைத் தாண்டவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி வெல்க்ரோ. இதில்தான் கவனம் வேண்டும். வெல்க்ரோவில் முள் பக்கம் ஒன்று, பஞ்சுப் பக்கம் ஒன்று. உறையைப் பட்டியில் சுற்றும்போது கீழே போகும் ஓரத்தின் வெளிப்பக்கத்தில் பஞ்சை வைத்துத் தையுங்கள், மேலே வந்து மூடும் ஓரத்தின் உள்பக்கத்தில் முள்ளை வையுங்கள். இப்படி வைத்தால் முள் எப்போதும் பஞ்சைப் பார்த்தபடிதான் இருக்கும், தோலைப் பார்க்காது. முள் துண்டைப் பஞ்சுத் துண்டைவிட இரண்டு மில்லிமீற்றர் சுற்றிவரக் குறைத்து வெட்டி, மூலைகளை வட்டமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் மூலை நிமிர்ந்து தலையணை உறையைக் கடிக்கும், தூக்கத்தில் கை பட்டால் கீறும். முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக வைத்தால் உறை விறைத்துப்போய்க் கன்னத்தின் வளைவுக்கு மடங்காது, ஆகவே 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக மூன்று இடத்தில். மூடும் இடம் பட்டியின் வெளிப்பக்கத்தில் வரவேண்டும். பிரஸ் பட்டன் வேண்டாம், பக்கவாட்டில் படுப்பவருக்கு அது கன்ன எலும்பில் குத்தும்.

காந்தப் பட்டனை எந்தக் காரணத்துக்காகவும் பாவிக்காதீர்கள். சில மாஸ்க்குகளின் கொளுக்கியே காந்தத்தில்தான் வருகிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளை இரத்தக்குழாயில் உலோகக் கிளிப் போட்டவர்கள், கண்ணுக்குள் உலோகத் துணுக்கு இருப்பவர்கள் அந்தக் காந்த மாஸ்க்கைப் பாவிக்கக்கூடாது, பக்கத்தில் படுப்பவருக்கு இவை இருந்தாலும் அதே கதைதான். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் இன்றைக்கே மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, டொக்டரிடம் கதையுங்கள்.

உறையைப் பட்டியில் எங்கே போடுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டியின் நுனி மாஸ்க்கின் கொளுக்கிக்குள் நுழைந்து மடிந்து திரும்பி வந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த ஒட்டும் இடத்தை உறை மூடிவிட்டால் பட்டி நுனி பிடிமானமில்லாமல் நடு இரவில் கழன்றுவிடும். கொளுக்கியிலிருந்து 2 அல்லது 3 சென்ரிமீற்றர் விட்டு, நுனி ஒட்டி முடிந்த இடத்துக்கு அப்பால் உறையைத் தொடங்குங்கள். அப்புறம் மாஸ்க்கின் முன்பக்கத்திலோ முழங்கை மாதிரி வளையும் குழாயிலோ வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. துணியோ நூலோ எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. மெஷினின் குழாய் உச்சந்தலையில் இணைந்து, பக்கப் பட்டியே குழாயாக இருந்து காற்றைக் கொண்டுவரும் வகை மாஸ்க் என்றால் இந்த ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே உறையைச் சுற்றுங்கள்.

தையலுக்கே நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி: குழந்தைகளின் பருத்திச் சொக்ஸை இரண்டு முனையும் வெட்டிவிட்டு, பட்டியைக் கொளுக்கியிலிருந்து உருவி, அதன்மேல் ஏற்றிவிடுங்கள். கணுக்கால் இலாஸ்டிக் இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும், அது பட்டியை ஒரே இடத்தில் நெரிக்கும்.

உறை போட்டபின் பட்டியின் பழைய அளவு செல்லாது. துணியின் தடிப்பு உள்ளே புகுந்ததால் அதே இடத்தில் ஒட்டினால் முன்பைவிட இறுக்கமாக இருக்கும். மறுபடி படுத்து, மெஷினைப் போட்டு, தளர்த்தி, மேலே சொன்னதையெல்லாம் ஒருமுறை செய்துவிடுங்கள். முதல் சில நாட்களுக்குக் காலையில் மெஷின் காட்டும் கசிவு அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின் என்றால் நிமிடத்துக்கு 24 லீற்றருக்குக் கீழே நிற்கவேண்டும். வேறு சில கம்பனி மெஷின்கள் ஓட்டை வழியாகப் போகவேண்டிய காற்றையும் சேர்த்தே காட்டும், அதனால் அயலவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம், உங்களுடைய நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணைப் பாருங்கள்.

மூக்குத்தண்டு நோகிறது என்று பலர் சொல்வார்கள். பட்டிக்கு உறை போடுவதால் அது தீராது. அது மாஸ்க்கின் அளவு பொருந்தாததாலோ மேல்பட்டியை அதிகம் இழுத்ததாலோ வருவது. மெல்லிய டீ-சேர்ட் துணியை வளையமாக வெட்டிச் சிலிக்கோனுக்கும் முகத்துக்கும் நடுவில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், கசிவு கூடாதவரை அதில் தப்பில்லை, உள்ளே நூல் தொங்கக்கூடாது என்பது மட்டும் கட்டாயம். ஆனால் ஸ்பொஞ்சு, பஞ்சு போன்ற எதையும் காற்று வரும் பக்கத்தில் வைக்காதீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மெஷின்களைத் திருப்பி அழைத்ததற்குக் காரணமே உள்ளே சத்தம் குறைப்பதற்கு வைத்த ஸ்பொஞ்சு சிதைந்து துகளாகக் காற்றோடு வரலாம் என்பதுதான், சூடும் ஈரப்பதமும் அந்தச் சிதைவைக் கூட்டலாம் என்றும் அப்போது சொல்லப்பட்டது. சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் கொழும்பில் என்ன குறை? வாஸ்லினும் பூசவேண்டாம், எண்ணெய்ப் பசை சிலிக்கோனைப் பழுதாக்கும், மாஸ்க்கும் வழுக்கும்.

தோல் ஏற்கெனவே புண்ணாகியிருந்தால் அந்தப் புண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள். அந்த இடம் இன்னும் உயர்ந்து, அழுத்தம் முழுவதும் அதன்மேலேயே விழும். புண்ணுக்கு இரண்டு பக்கமும் துணி வைத்து நடுவில் பள்ளம் விடவேண்டும். சிவப்பாக மட்டும் இருக்கிறதென்றால் விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள்: வெளிறி மறுபடி சிவந்தால் பரவாயில்லை, அரை மணித்தியாலத்தில் மறையும். அழுத்தியும் வெளிறவில்லையென்றால் தோலுக்குக் கீழே பாதிப்புத் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்த நிறமாற்றம் வடிவாகத் தெரியாது, அந்த இடம் சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நீரிழிவு இருப்பவர்கள் இதில் காத்திருக்கவே கூடாது, கிளினிக்கில் காட்டி வேறு வகை மாஸ்க் கேளுங்கள்.

பிடரிக்கு வேறு கணக்கு. அங்கே தடித்த உறை போட்டால் தலையின் பாரம் பட்டியை அழுத்தி, மாஸ்க்கை ஒரு பக்கம் இழுக்கும். ஒற்றை மடிப்புத் துணிக்குமேல் வேண்டாம். நீளத் தலைமுடி இருப்பவர்கள் கொண்டை போட்டபடி படுத்தால் பட்டி கொண்டையில் ஏறி வழுக்கும், தளர்வாகப் பின்னி, பின்னலை மேல்பட்டிக்கும் கீழ்ப்பட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் வெளியே எடுத்துவிடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணெய் ஊறிய பட்டி சீக்கிரம் தொய்யும். தலையணையில் நான் இலவம்பஞ்சுக்குத்தான் வாக்குப் போடுவேன். பஞ்சுத் தலையணையைக் கையால் குத்திப் பள்ளம் பண்ணி அதற்குள் மாஸ்க்கின் ஓரத்தை வைத்துவிடலாம். ஸ்பொஞ்சுத் தலையணை நிமிர்ந்து மாஸ்க்கைத் தள்ளும், நாங்கள் பட்டியைக் குறை சொல்லுவோம்.

நுளம்பு வலைக்குள் படுப்பவர்கள் குழாயைப் பாருங்கள். வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகும்போது குழாயும் அதோடு இறுகிவிட்டால் இரவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது மாஸ்க்கை இழுக்கும், அந்த இழுவை முழுவதும் ஒரு கன்னத்துப் பட்டியில் விழும். தலைமாட்டுப் பக்கமாகக் குழாயைக் கொண்டுவந்து, கட்டில் தலைப்பலகையில் ஒரு துணி வளையத்தில் தளர்வாகத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு முழம் தாராளமாக விடுங்கள்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையைத் தினமும் மாற்றி, வெல்க்ரோவை மூடிவிட்டு, வாசனை குறைந்த சவர்க்காரத்தில் கழுவுங்கள், மென்மையாக்கும் திரவமும் கிருமிநாசினியும் வேண்டாம், அவை தோலுக்கு ஒத்துவராது. உறையை வெயிலில் காயவிடலாம். பட்டியைக் கிழமைக்கு ஒருமுறை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் கழுவி, பிழியாமல் துவாயில் ஒற்றி, நிழலில் காயவிடவேண்டும், வெயில் அதன் இழுவைக் கெடுத்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒன்றும் காயாது, ஒற்றை மடிப்பு உறை மட்டும் ஃபேனுக்குக் கீழே ஒரு இரவில் காய்ந்துவிடும், மெல்லிய துணி எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அரைகுறையாகக் காய்ந்த உறையை முகத்தில் போடாதீர்கள்.

எவ்வளவு இழுத்தாலும் பட்டி தொளதொளவென்று நிற்கிறது, ஒட்டும் நுனி பிடிக்கவில்லை என்றால் அதற்குமேல் உறை தைத்துப் பயனில்லை, புதுப் பட்டி வாங்குங்கள். பழையதை எறிய முன்னர் அதைக் கடதாசியில் விரித்துப் பென்சிலால் சுற்றிவர வரைந்து, உறைகள் எந்த இடத்தில் இருந்தன என்பதையும் குறித்துவிடுங்கள். அடுத்த சோடி தைக்கக் கொடுக்கும்போது அந்தக் கடதாசியையும் பழைய உறை ஒன்றையும் தையற்காரரிடம் கொடுத்தால் போதும், மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை.